ஓதும் பிள்ளைக்கும் விளையாடும் பிள்ளைக்கும் ஒரே இணைப்பு



மதரஸா ஆசிரியரிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றியவை. கடந்த சில ஆண்டுகளாக அந்த வரிசையில் புதிய கேள்வி ஒன்று சேர்ந்திருக்கிறது: "உஸ்தாத், வீட்டுக்கு எந்த இன்டர்நெட் எடுக்கலாம்?" காயல்பட்டினத்தில் காலையும் மாலையும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நான், எஞ்சிய நேரங்களில் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் வாழும் நம்மூர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகக் குர்ஆன் கற்பிக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை நாடி வருகிறது. இதே கேள்விக்கு இன்னும் கூர்மையான பதிலை அறிந்தவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். இரவில் கைப்பேசியில் விளையாடும் நம் வீட்டு இளைஞர்கள்தாம் அவர்கள். அவர்களுக்கும் எனக்கும் தேவைப்படுவது ஒன்றே என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

இணைப்பை விற்க வருபவர் முதலில் சொல்வது வேகம். அதைத் தமிழில் எழுதினால் 'எம்.பி.பி.எஸ்.' என்று ஆகிவிடுகிறது. மருத்துவப் படிப்பும் அதே எழுத்துகளில்தான் வரும். அந்தக் குழப்பம் வேண்டாம். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்வோம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் ஒரு வினாடிக்கு இறங்குவது ஏறக்குறைய 12 மெகாபைட்தான். இது கொள்ளளவைக் குறிக்கும் கணக்கு. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் சரக்குக் கப்பல் ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஏற்றிச் செல்லலாம். ஆயினும் போய்ச்சேர ஓர் இரவு ஆகும். கப்பலை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் சரக்கு கூடுமே ஒழிய, பயண நேரம் குறையாது.

அந்தப் பயண நேரமே தாமதம் எனப்படுவது. நாம் ஒரு செய்தியை அனுப்பி, மறுமுனை அதைப் பெற்று, பதில் நம்மிடம் திரும்பி வரும் வரை ஆகும் நேரத்தை மில்லி வினாடியில் அளக்கிறார்கள். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. பிள்ளைகள் இதனைப் 'பிங்' என்பார்கள். அது அதிகமாகி ஆட்டம் தடுமாறும்போது 'லேக்' அடிக்கிறது என்பார்கள். இந்தக் கடற்கரையில் முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. கடலுக்கு அடியில் இருப்பவர் கயிற்றை அசைத்ததும், மேலே தோணியில் இருப்பவர் அந்த நொடியிலேயே இழுக்க வேண்டும். கயிறு எவ்வளவு பருமன் என்பது அங்கே இரண்டாவது கேள்வி.

குர்ஆன் வகுப்பில் இது எப்படி வெளிப்படுகிறது என்று சொல்கிறேன். அரபியில் தொண்டையின் நடுவிலிருந்து பிறக்கும் 'ஹா' ஒன்று. தொண்டையின் அடியிலிருந்து பிறக்கும் 'ஹா' இன்னொன்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. ஓதும்போது ஒன்றை மற்றொன்றாக உச்சரித்தால் பொருளே மாறிவிடும். ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டு, திரும்ப ஓதிக் காட்டி, பிழையை அந்த இடத்திலேயே திருத்திக்கொள்வதுதான் தலைமுறை தலைமுறையாக வந்த தலக்கீ முறை. இணைப்பில் அரை வினாடி தாமதம் இருந்தால் நான் "நில்லும்மா" என்று சொல்லும்போது, பிள்ளை அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். அது தன் இரண்டாவது சொல்லைத்தான் நான் திருத்துவதாக எண்ணி, சரியாக ஓதியதை மாற்றி ஓதத் தொடங்கும். தாமதம் சீராக இல்லாமல் கூடிக் குறைந்தால் எழுத்துகளே இடையில் விழுந்துவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒரு பக்கப் பயணம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக நடக்கும். 400ஐத் தாண்டக் கூடாது.

இதற்குத் தேவைப்படும் கொள்ளளவோ மிகக் குறைவு. குரல் அழைப்பு ஒரு மெகாபிட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். காணொளி அழைப்புக்குச் சில மெகாபிட் போதும். துப்பாக்கி விளையாட்டுகளும் ஆடும்போது மிகச் சொற்பமான தரவையே அனுப்புகின்றன. விளையாட்டைப் பதிவிறக்கம் செய்யும்போதுதான் பெரிய கொள்ளளவு பயன்படுகிறது. ஆகவே, ஓதும் பிள்ளைக்கும் விளையாடும் பிள்ளைக்கும் வேண்டியது ஒன்றே: குறைந்த, சீரான தாமதம்.

தாமதத்தின் முதல் காரணம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நம் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசைக்குக் கடலடியில் ஓர் ஒளியிழை வடம் போடப்பட்டது. பாரத் லங்கா வடம் என்ற அதனை பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாம் நிறுவனமும் சேர்ந்து 2006இல் அமைத்தன. அதன் நீளம் சுமார் 320 கிலோமீட்டர். ஒளி அதில் போய்த் திரும்ப 3 மில்லி வினாடிக்குச் சற்று அதிகம் ஆகும். கண் இமைக்கும் நேரத்தில் பல முறை போய் வந்துவிடலாம். ஆனால் நம் வீட்டிலிருந்து கொழும்புக்குப் போகும் அழைப்பு இந்த வடத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரு பக்கத்து நிறுவனங்களும் எந்த ஊரில் கைகோத்திருக்கின்றனவோ அந்த ஊரைச் சுற்றியே அது போகும். எதிர்க்கரைக்குப் போகும் செய்தி சென்னையையோ மும்பையையோ சிங்கப்பூரையோ சுற்றிக்கொண்டு போவதும் உண்டு.

விளையாட்டும் அப்படியே. ஒரு விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிருந்து சென்னைக்குச் சுமார் 600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி வடத்தில் சுமார் 3200 கிலோமீட்டர். போய்வர ஒளிக்கு மட்டும் ஏறக்குறைய 38 மில்லி வினாடி ஆகிறது. இந்த வழியில் போகும் செய்தியை மாதம் இரண்டாயிரம் ரூபாய்த் திட்டமும் அதற்குக் கீழே கொண்டுவராது. "பெரிய பிளான் போட்டால் பிங் குறையும்" என்று மகன் சொன்னால் பெற்றோர் இந்தக் கணக்கை நினைவில் வைக்கலாம்.

இரண்டாவது காரணம், வீட்டுக்கு வந்து சேரும் இணைப்பின் வகை. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் வந்த அகன்ற அலைவரிசைதான் நம்மில் பலர் முதலில் கண்டது. 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அகன்ற அலைவரிசை என்று பெயர். 2023இல்தான் அந்தக் கீழெல்லை 2 மெகாபிட் ஆனது. செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் விழும். உப்புக் காற்று வீசும் நம் ஊர்களில் இணைப்பு முனைகள் அரித்துப்போவது இன்னொரு தொல்லை. தாமதம் பெரும்பாலும் 20 முதல் 40 மில்லி வினாடி கூடுதலாக இருக்கும். இன்று புதிதாக இதை எடுக்க வேண்டிய தேவை இல்லை.

தொலைக்காட்சிக் கேபிள் வழி வரும் இணைப்பில் இறக்கும் வேகம் நன்றாக இருக்கும். ஏற்றும் வேகம் குறுகலாக இருக்கும். தெருவே ஒரே கம்பியைப் பகிர்வதால், மஃரிபுக்குப் பின் எல்லோரும் திரையைத் திறக்கும் நேரத்தில் நெரிசல் தெரியும். கேபிள்காரர் "ஃபைபர்தான்" என்று சொன்னால், இழை வீட்டுக்குள் வருகிறதா, தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள்.

இழை வீட்டுக்குள்ளேயே வரும் ஃபைபர் இணைப்புதான் நமது தேவைக்கு முதலிடம் பெறுகிறது. பரவலாக உள்ள முறையில் வினாடிக்கு சுமார் 2.5 கிகாபிட் இறக்கும் கொள்ளளவை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. இங்கேயும் பகிர்வு உண்டு. ஆனால் பாதை அகலம். நிறுவனத்தின் முதல் நிலையம் வரை போய்வரச் சில மில்லி வினாடிகளே ஆகும். அது மழையிலும் பெரிதாக மாறாது. ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் சமமாக உள்ள திட்டங்கள் கிடைக்கின்றன. அவற்றையே தேர்ந்தெடுங்கள்; ஓதும் பிள்ளையின் குரல் ஏறும் வழியில்தான் என்னிடம் வருகிறது.

கம்பியில்லாமல் டவரிலிருந்து வரும் இணைப்பு அடுத்தது. 5ஜி சேவை இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கியது. வீட்டு மாடியில் கருவி வைத்து அதைப் பெறும் ஏர்ஃபைபர் சேவைகள் 2023இல் வந்தன. பெயரில் ஃபைபர் இருந்தாலும் கடைசித் தூரம் காற்றில்தான் வருகிறது. டவர் அருகில் இருந்து கூட்டமும் இல்லாதபோது தாமதம் ஃபைபரை நெருங்கும். கூட்டம் கூடும்போது 30 என்பது திடீரென்று 100ஐத் தாண்டும். காணொளி பார்ப்பவருக்கு இது தெரியாது. ஓதுபவருக்கும் விளையாடுபவருக்கும் உடனே தெரியும். இழை வராத தெருக்களுக்கு இது நல்ல மாற்று.

கடைசியாகச் செயற்கைக்கோள். நிலத்திலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகத்திலேயே அது அரை வினாடியை நெருங்கிவிடும். லட்சத்தீவில் வாழும் நம் சகோதரர்கள் பல ஆண்டுகள் அந்த வழியையே நம்பியிருந்தார்கள். கொச்சியிலிருந்து கடலடி ஒளியிழை வடம் 2024 ஜனவரியில் அங்கே சேவைக்கு வந்தது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகைச் செயற்கைக்கோள்களில் இந்தத் தாமதம் பெருமளவு குறைகிறது. அத்தகைய ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025இல் இந்தியாவில் உரிமம் பெற்றது. ஃபைபர் கிடைக்கும் ஊரில் அது தேவையில்லை.

மூன்றாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பலரும் பணத்தை இழப்பது இங்கேதான். என்னிடம் ஹிஃப்ழு செய்யும் ஒரு பெண்பிள்ளையின் வீட்டில் 100 மெகாபிட் ஃபைபர் இருந்தது. வாப்பா வளைகுடாவில் வேலை செய்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் காக்கா, ஆட்டம் தடுமாறுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான். தங்கையின் வகுப்பும் அறுந்து அறுந்து வந்தது. உம்மா என்னிடம், "300க்கு மாத்தினா சரியாயிருமா உஸ்தாத்? அவங்க மாத்தச் சொல்லிட்டாங்க" என்று கேட்டார். "மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பார்த்துருவோம்மா" என்றேன். அளக்கும் பொறுப்பை மகனிடமே கொடுத்தோம்.

முதலில் ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு லேன் வயர் இணைத்து அளந்தான். தாமதம் குறைவாகவும் சீராகவும் இருந்தது. பிறகு தங்கை ஓதும் பின்கட்டு அறையில் வைஃபையில் அளந்தான். எண்கள் 40க்கும் 300க்கும் இடையே தாவின. நம் பழைய வீடுகள் முன்வாசலிலிருந்து முடுக்குப் பக்கம் வரை நீண்டவை, சுவர்கள் தடித்தவை. ரவுட்டரோ வாசல் அறையில் மாட்டப்பட்டிருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடக்கும். ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகள் அனைத்தும் அங்கே முட்டிக்கொள்கின்றன. மூன்றாவதாக, மூத்தவளின் கைப்பேசி அன்றைய படங்களை இணையச் சேமிப்புக்கு ஏற்றும் நேரத்தில் அளந்தான். வயரிலேயே தாமதம் பல மடங்கு கூடியது. ஏறும் பாதை குறுகலாக இருந்த அந்தத் திட்டத்தில், பெரிய படங்களின் வரிசைக்குப் பின்னால் சிறிய குரல் துணுக்குகள் காத்து நின்றன. ஒற்றைச் சந்தில் லாரிகள் நின்றால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்க வேண்டியதுதானே.

தீர்வு மலிவானது. பின்கட்டு அறை வரை ஒரு லேன் வயர், அங்கே சிறியதொரு வைஃபை கருவி, படங்கள் நள்ளிரவுக்குப் பின் ஏறுமாறு ஒரு மாற்றம். திட்டத்தை மாற்றவில்லை. ஒவ்வொரு மாதமும் கூடுதலாகப் போயிருக்கக்கூடிய பணம் வாப்பாவின் உழைப்பில் மிஞ்சியது.

கதை அத்துடன் முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய், "இப்ப அவனுக்கு ஆட்டம் தடங்கலே இல்லாமப் போவுது உஸ்தாத். ராத்திரி ஒரு மணி ஆவுது. ஃபஜ்ருக்கு எழுப்பவே முடியல" என்றார். ரவுட்டரை இரவில் அணைத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வாப்பா வேலை முடித்து அழைப்பதே நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரைக்கு மேல்தான். கணவனின் முகத்தைக் காட்டும் அதே இழைதான் மகனின் விளையாட்டையும் சுமந்து வருகிறது. எது எது என்று இழைக்குத் தெரியாது. வாப்பாவே மகனிடம் பேசினார். ரவுட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக நேரம் குறிக்கும் வசதி உண்டு. மகனின் கைப்பேசிக்கு இரவு பத்து மணி என்று முடிவானது. குறித்தவனும் அவனே, கடவுச்சொல் உம்மாவிடம். சில நாள் முகம் வாடியிருந்தது. ஃபஜ்ரு ஜமாஅத்தில் இப்போது பெரும்பாலான நாள்களில் பார்க்கிறேன். எல்லா நாளும் அல்ல.

விளையாட்டு என்று பேசும்போது இன்னொன்றையும் பெற்றோர் பிரித்தறிய வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. சூதாட்டம் ஹராம் என்பதை நமக்கு எந்தச் சட்டமும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் கைப்பேசியில் இருப்பது எந்த வகை என்பதைப் பார்த்தறிவது நம் கடமை.

இணைப்பு எடுக்கும் முன் விற்பவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். "100 மெகாபிட் வரை" என்ற விளம்பரத்தில் 'வரை' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஏற்றும் வேகம் எவ்வளவு? மாதத்தில் எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறைக்கப்படும்? சொன்ன விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்குமா? பழுது வந்தால் ஊருக்குள் ஆள் இருக்கிறாரா? அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயம் நம் குர்ஆனில் இருக்கிறது. அளந்து வாங்குவது சந்தேகப் புத்தி ஆகாது. அது வணிக ஒழுக்கம். பகல் பதினொரு மணிக்கு ஊழியர் காட்டும் சோதனையோடு நிறுத்திவிடாமல், மஃரிபுக்கும் இஷாவுக்கும் பிறகு மூன்று நாள் நீங்களே அளந்து பாருங்கள்.

மழைக்காலத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நம் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோயின. வெளிநாட்டில் இருந்தவர்கள் வீட்டாரின் குரல் கேட்காமல் தவித்தார்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைச் சுமப்பதில்லை. வீட்டில் மின்சாரம் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய பேட்டரி ஒன்றை வாங்கி வையுங்கள். சில மணி நேரம் தாங்கும். வீட்டு இணைப்பு ஒரு நிறுவனத்தினுடையது என்றால், கைப்பேசி சிம் ஒன்றாவது வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும்.

சுருக்கமாகச் சொன்னால், ஃபைபர் வீட்டுக்குள் வருமானால் அதை எடுங்கள்; 50 அல்லது 100 மெகாபிட் ஒரு குடும்பத்துக்குப் போதும். ஃபைபர் இல்லையேல் டவர் வழி வரும் இணைப்பு. ஓதும் அறைக்கும் விளையாடும் இடத்துக்கும் முடிந்தவரை லேன் வயர் இழுங்கள். மிஞ்சும் பணத்துக்கு நம் வீடுகளில் தேவைகள் பல உண்டு. இரவில் அந்த இணைப்பு யாருக்காக, எத்தனை மணி வரை என்பதை மட்டும் விற்பவரிடம் கேட்க முடியாது; அதை வாப்பாவும் உம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் பிள்ளைகளின் நேரத்திலும் நம் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.